வாய்ச்சொல்லுக்கு ஆடிட் டிரெயில் கிடையாது

இத்தனை வருடம் விலகாமல் வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டு முடிய 48 நாள் பாக்கி இருந்தது. எங்கள் ஊரில் அதை ஒரு மண்டலம் என்பார்கள். அந்த ஒரு மண்டலத்தைத் தாண்ட முடியாமல் 2018 செப்டம்பர் 28, வெள்ளிக்கிழமை, ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் க்யூ.சி. எனும் தரச்சோதனை லேபிலிருந்து அடையாள அட்டையைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மொத்தம் எவ்வளவு போனது என்று பிற்பாடு ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். பாண்டுக்குக் கட்டியது ஒரு லட்சம், அதற்காக வாங்கிய கடனுக்கு வட்டி 28,000, நிறுத்திவைத்த கடைசி மாதச் சம்பளம் 23,600, வேலை இல்லாத ஏழு மாதம், அதன்பின் குறைந்த சம்பளத்தில் ஓட்டிய ஒரு வருடம், இன்டர்வியூவுக்கு அலைந்த பஸ், ரயில் செலவு. நாலு லட்சத்தைத் தாண்டியது. பணம்கூடப் பரவாயில்லை. அந்த ஏழு மாதமும் 'நான் தப்புப் பண்ணவில்லை' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை என்பது எனக்கே தெரியும். அதுதான் தூங்கவிடவில்லை.

எனக்கு ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். 2015இல் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தேன். கெமிஸ்ட் வேலை என்று வீட்டில் சொன்னபோது மருந்துக்கடையில் உட்காரப் போகிறேன் என்றே பாதிப்பேர் நினைத்தார்கள். கல்லூரியிலும் பெரிதாக யாருக்கும் தெரியாது. 'ஹைதராபாத் போனா வாக்-இன் நிறைய இருக்கும்' என்பதுதான் சீனியர்கள் கொடுத்த ஒரே தகவல். சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய், அமீர்பேட்டில் ஒரு அறையில் ஆறுபேரோடு தங்கி, பாச்சுப்பள்ளி, பொல்லாரம், ஜீடிமெட்லா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வரிசையில் நின்றேன். நான்காவது மாதம் வேலை கிடைத்தது. டிரெயினி கெமிஸ்ட், கையில் 12,400 ரூபாய், மூன்று வருட பாண்டு. சேருகிற அன்று ஹெச்.ஆரில் மூன்று விஷயம் கேட்டார்கள்: டிகிரியும் மார்க் ஷீட்டும் ஒரிஜினலாக, பாண்டுப் பத்திரத்தில் கையெழுத்து, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை ஒன்று. நான் மூன்றையும் கொடுத்தேன். பின்னால் இருபது பேர் நின்றார்கள். 'யோசிச்சுச் சொல்றேன்' என்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயம்.

இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டுவது வேறு, ஒப்படைப்பது வேறு. காட்டலாம். ஒப்படைக்கச் சொன்னால் நோட்டரி கையெழுத்திட்ட நகல் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். நான் இப்போது இருக்கும் இடத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பெண் அப்படித்தான் கேட்டாள், 'சரி' என்றுவிட்டார்கள். கேட்டால் வேலை போய்விடும் என்பது பாதிக்குமேல் நம் கற்பனை. வேறு வழியே இல்லாமல் கொடுக்க நேர்ந்தால், என்னென்ன சான்றிதழ், எந்த எண், எந்தத் தேதியில் வாங்கினார்கள் என்று அவர்கள் சீலோடு ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் அப்படி ஒரு தாள் இல்லை. வெற்றுக் காசோலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். தொகையை அவர்கள் எழுதிக்கொண்டு வங்கியில் போட்டு, பணம் இல்லாமல் திரும்பினால் வழக்கு நம்மேல் வரும்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். மாத்திரை தயாராகி வெளியே போகும் முன் அதைச் சோதித்து, 'தேறியது' என்று எழுதுவது க்யூ.சி. ஆறு ஜாடியில் 900 மில்லி திரவத்தை 37 டிகிரியில் வைத்து மாத்திரை எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று பார்ப்போம். நீர்ச்சத்து பார்ப்போம். ஆனால் நாளில் முக்கால்வாசி போவது, கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவி முன்னால்தான். 25 சென்டிமீட்டர் எஃகுக் குழாய் ஒன்று, அதற்குள் அடைத்த சிலிக்கா; அதை 'காலம்' என்போம். மாத்திரையைக் கரைத்து வடிகட்டி அதற்குள் செலுத்தினால் மருந்து ஒரு நேரத்திலும் அசுத்தங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்திலும் பிரிந்து வெளியே வரும். திரையில் மலை மலையாகத் தெரியும். பெரிய மலை மருந்து, பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்ன மேடுகள் அசுத்தம். அந்த மேடுகளின் பரப்பளவைக் கணக்கிடுவதுதான் வேலை. நான் பார்த்த இரத்த அழுத்த மாத்திரைக்கு, ஒரு முறை செலுத்தும் இன்ஜெக்‌ஷன் ஓட 65 நிமிடம். வெற்றுக் கரைசல், அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு ஆறு முறை, பிறகு ஒவ்வொரு பேட்ச் மாதிரியும் என்று வரிசை போட்டால் சீக்வென்ஸ் முடியப் பதினாறு மணிநேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போனாலோ பம்பில் காற்றுப் புகுந்தாலோ முதலிலிருந்து.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் ஆறு மாதம் தினமும் சாயங்காலம் தலைவலி வரும். ஷிப்ட் மாறுவதால் என்று நினைத்தேன். டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் பாட்டிலை, ஆவியை உறிஞ்சும் ஃபியூம் ஹூடுக்கு வெளியே வைத்து அளந்துகொண்டிருந்ததுதான் காரணம். அவசரம் என்று சொல்லி ஹூடுக்கு வெளியே எதையும் ஊற்றாதீர்கள். கையுறை போட்டிருக்கிறோமே என்ற தைரியமும் வேண்டாம். சாதாரண நைட்ரைல் கையுறையை அந்தத் திரவம் நிமிடக் கணக்கில் ஊடுருவிவிடும். மேலே பட்டால் உடனே கழற்றி மாற்ற வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதினாறு மணிநேரம் ஓடும் ஒரு சோதனைக்கு பிளானிங்கில் கொடுப்பது ஒரு ஷிப்ட். அந்த இடைவெளியில்தான் எல்லாக் கோளாறும் முளைக்கிறது. லேபில் பொய் எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நான் பார்த்தவரை அவர்கள் நேரம் போதாதவர்கள். எங்கள் லேபில் ஒரு பழக்கம் இருந்தது. அதிகாரபூர்வ சீக்வென்ஸைத் தொடங்கும் முன் மாதிரியை ஒரே ஒரு முறை செலுத்திப் பார்ப்பது. அதற்கு 'டிரையல்' என்று பெயர். ஆனால் கணினியில் டிரையல் என்று எழுதமாட்டோம், 'காலம் வாஷ்', அதாவது அந்தக் குழாயைக் கழுவியது, என்று எழுதுவோம். நான் சேர்ந்த இரண்டாவது வாரமே எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள், பைப்பெட் பிடிப்பதைக் கற்றுக்கொடுத்த அதே சாதாரணத்தோடு. 'இது சரியா சார்?' என்று டீம் லீடரிடம் கேட்டேன். 'ஏம் காது' என்றார். தெலுங்கில் 'ஒன்றும் ஆகாது' என்று அர்த்தம். அந்த மூன்று வருடத்தில் நான் அதிகம் கேட்ட தெலுங்கு வாக்கியம் அதுதான்.

2018 மார்ச் 30. நிதியாண்டின் கடைசி வாரம், லாரி காத்திருந்தது. நான் இரண்டாம் ஷிப்ட், இரண்டிலிருந்து பத்துவரை. எட்டரை மணிக்கு ஒரு பேட்சுக்கு 'வாஷ் 3' என்று பெயர் வைத்து டிரையல் போட்டேன். 17ஆவது நிமிடத்துக்குப் பக்கத்தில் வழக்கமாக ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு மேடு. கணக்குப் போட்டால் 0.31 சதவீதம். பெயர் தெரியாத அசுத்தத்துக்கு எங்களுக்கு இருந்த எல்லை 0.2. டீம் லீடருக்கு ஃபோன் செய்தேன். 'மறுபடி புதுசா பிரிப்பேர் பண்ணி அஃபிஷியலா ஓட்டு, பழசைக் கொட்டிரு' என்றார். கொட்டினேன். குப்பியையும் குடுவையையும் கழுவினேன். மறுநாள் அதிகாரபூர்வ சீக்வென்ஸில் 0.26 வந்தது. எல்லை ஒரு தசமத்தில் இருப்பதால் 0.24 வரை வந்தால் 0.2 என்று முழுமையாக்கித் தேற்றிவிடலாம்; 0.25 என்றால் 0.3 ஆகிவிடும். மறுபடி ஃபோன். 'இன்டெக்ரேஷனைக் கொஞ்சம் பார்' என்றார். மேட்டின் பரப்பளவைக் கணக்கிடுவதற்கு அதுதான் பெயர். பார் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மேட்டின் அடியில் கோட்டைக் கையால் சற்று உயர்த்தினேன். 0.23. காரணம் எழுதும் இடத்தில் 'சரியான இன்டெக்ரேஷன்' என்று நானே டைப் செய்தேன். லாரி போனது. நான் அறைக்குப் போய்ப் படுத்தேன். அன்று நன்றாகத் தூங்கியது நினைவிருக்கிறது, அதைத்தான் இப்போது நம்ப முடியவில்லை.

அந்த மாத்திரையால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன். 0.2 என்பது விஷத்தின் எல்லை இல்லை. 'இதற்குமேல் வந்தால் இது என்ன பொருள் என்று கண்டுபிடி' என்று சொல்லும் எல்லை. ஆனால் சிக்கலே அங்கேதான். அது என்ன பொருள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் வழியை நான் கழுவி ஊற்றிவிட்டேன். அந்த வருடம் ஜூலையில் வால்சார்டான் என்ற இரத்த அழுத்த மருந்தைப் பற்றிய செய்தி வந்தது. புற்றுநோய் உண்டாக்கலாம் என்று கருதப்படும் நைட்ரோசமைன் ஒன்று எதிர்பாராமல் மருந்துக்குள் இருந்ததால் பல நாடுகளில் மாத்திரைகளைத் திரும்பப் பெற்றார்கள். லேபில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் 17ஆவது நிமிடத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லைக்கு வெளியே முடிவு வந்தால் என்ன செய்யவேண்டும் என்பது ஒன்றும் ரகசியம் இல்லை. நாங்கள் அதை ஓ.ஓ.எஸ். என்போம். முதலில், எதையும் கொட்டக்கூடாது. கரைசல், குப்பி, குடுவை எல்லாம் அப்படியே இருக்கவேண்டும். உடனே மேலாளரிடம் சொல்லி, அதற்கான படிவத்தைத் திறந்து, லேபில் தப்பு நடந்ததா என்று முதலில் தேடவேண்டும்: எடை சரியா, கரைத்தது சரியா, கருவி சரியா. காரணம் கிடைத்தால் அதை நிரூபித்துவிட்டு மறுசோதனை. கிடைக்காவிட்டால் உற்பத்திப் பக்கம் விசாரணை போகும். நல்ல முடிவு வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பதும், கெட்ட முடிவை நல்ல முடிவோடு சராசரி போட்டு மறைப்பதும் கூடாது என்று அமெரிக்காவில் ஒரு நீதிமன்றம் 1993இலேயே சொல்லிவிட்டது. பார் லேபரட்டரீஸ் வழக்கு. டிரையல் பற்றியும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016 ஏப்ரலில் வெளியிட்ட வரைவு வழிகாட்டியில் கேள்வி-பதிலாகவே எழுதியிருந்தது. நான் 'வாஷ் 3' போட்டபோது அது வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. யாரும் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. நானும் தேடிப் படிக்கவில்லை. அது இலவசம், இணையத்தில் கிடைக்கும், பதினைந்து இருபது பக்கம்கூட வராது. என் மனதில் ஓ.ஓ.எஸ். என்றால் பரீட்சையில் ஃபெயில் ஆவது. ஃபெயில் ஆனது மாத்திரைதானே, நான் இல்லையே என்று யோசிக்கத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: கையால் இன்டெக்ரேஷன் செய்வதே குற்றம் என்றும் பயப்படவேண்டாம். சில நேரம் அது தேவை. எப்போது செய்யலாம் என்று எஸ்.ஓ.பி.யில், அதாவது லேபின் எழுதிவைத்த செயல்முறையில், இருக்கவேண்டும், காரணம் உண்மையாக இருக்கவேண்டும், பழைய முடிவும் புதிய முடிவும் இரண்டும் இருக்கவேண்டும்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் எஃப்.டி.ஏ. ஆய்வு. இரண்டுபேர் வந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் முழுக்கச் சுவருக்கு வண்ணம் அடித்தோம், லேபிள் மாற்றினோம், 'கேட்டதற்கு மட்டும் பதில் சொல்' என்று வகுப்பு எடுத்தார்கள். வந்தவர்களில் ஒரு அம்மா, வெள்ளை முடி, மெதுவாகப் பேசுவார். கான்ஃபரன்ஸ் அறையில் முந்திரியும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். அவர் அங்கே உட்காரவே இல்லை. நேராக லேபுக்கு வந்து, காலம் பயன்பாட்டுப் பதிவேட்டை எடுத்து விரலால் எண்ணினார். மார்ச் கடைசி வாரம் 43 இன்ஜெக்‌ஷன். பிறகு கணினியில் அதே வாரத்தைத் திறக்கச் சொன்னார். 46. மூன்று அதிகம். கருவி முன்னால் நாற்காலியில் இருந்தது நான். 'வாஷ் 3' என்பதைத் திற என்றார். காலத்தைக் கழுவினால் திரையில் தட்டையான கோடு வரவேண்டும். என் வாஷில் கோபுரம் மாதிரி மருந்து நின்றது. மவுஸ் பிடித்த கை வியர்த்து வழுக்கியது. 'இந்த ஐ.டி. யாருடையது?' என்றார். என் பெயர் திரையிலேயே இருந்தது. பின்னால் திரும்பினேன். டீம் லீடர் ஏ.சி. கீழே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு ஃபோன் அழைப்பும், யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கணினி தானே பதிந்துவைக்கும் எந்த ஆடிட் டிரெயிலிலும் இல்லை என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

ஆய்வு வெள்ளிக்கிழமை 14ஆம் தேதி முடிந்தது. படிவம் 483 கொடுத்துவிட்டுப் போனார்கள். கண்டதை எழுதிக் கொடுக்கும் தாள் அது. அதற்குப் பதினைந்து வேலைநாளுக்குள் பதில் போனால்தான், அடுத்து எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவதா என்று முடிவு செய்யும்போது அந்தப் பதிலைக் கணக்கில் எடுப்பார்கள். இந்தப் பதினைந்து நாள் கணக்கைப் புரிந்துகொண்டால் கம்பெனி ஏன் அப்படி அவசரப்பட்டது என்பதும் புரியும். லேபின் பழக்கம் என்று எழுதினால் மூன்று வருடப் பதிவுகளையும் திறந்து பார்க்கவேண்டும். ஒரு தனிமனிதனின் தவறு என்று எழுதினால் அவனை வெளியே அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று முடித்துவிடலாம். எட்டாவது வேலைநாள் ஹெச்.ஆரில் கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் டைப் செய்த ஒரு பக்கம். மேலதிகாரிகளுக்குத் தெரியாமல் என் விருப்பத்தில் செய்தேன் என்று இருந்தது. 'இது உள்ளே வைக்கிற ஃபார்மாலிட்டி, வேலைக்கு ஒண்ணும் வராது' என்றார்கள். டீம் லீடரும் இருந்தார். அதே 'ஏம் காது'. கையெழுத்துப் போட்டேன். நகல் கேட்கவில்லை. பத்தாவது நாள் ராஜினாமா எழுதச் சொன்னார்கள். 'டெர்மினேட் பண்ணா எங்கயும் வேலை கிடைக்காது, உனக்காகத்தான் சொல்றோம்' என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்த பிறகுதான் அடுத்த தாள் வந்தது: பாண்டுக் காலத்துக்குள் நானாக விலகுவதால் ஒரு லட்சம் கட்டவேண்டும், கட்டினால்தான் சான்றிதழ்.

இந்த இரண்டு தாளையும் நான் எத்தனையோ இரவு மனதில் திருப்பித் திருப்பிப் படித்திருக்கிறேன். உங்களிடம் அப்படி ஒரு வாக்குமூலம் நீட்டினால், அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். நடந்ததை உங்கள் கையால், தேதி, நேரம், யார் சொன்னார்கள் என்பதோடு எழுதிக் கொடுங்கள். செய்ததை மறைக்கவேண்டாம், சொன்னவரையும் மறைக்கவேண்டாம். நகல் இல்லாமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். ராஜினாமா விஷயம் இன்னும் நுட்பமானது. கம்பெனி என்னை நீக்கியிருந்தால் பாண்டை உடைத்தவன் நான் இல்லை என்று வாதாட இடம் இருந்திருக்கும். நானாக எழுதிக் கொடுத்ததால்தான் அந்தக் கதவு மூடியது. பாண்டில் ஒரு லட்சம் என்று போட்டிருந்தால் அப்படியே ஒரு லட்சம் தரவேண்டும் என்பதும் இல்லை. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்கமுடியும். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. மூன்று வருடத்தில் 48 நாள் குறைந்ததற்கு எது நியாயம் என்று ஒரு வக்கீலிடம் ஐந்நூறு ரூபாய் கொடுத்துக் கேட்டிருந்தால் பேரம் பேசவாவது தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. எனக்குச் சான்றிதழ்தான் கண்ணில் நின்றது. அப்பா தனக்குத் தெரிந்த நூல் வியாபாரி ஒருவரிடம் இரண்டு வட்டிக்கு வாங்கி அனுப்பினார். மாதம் இரண்டாயிரம், பதினான்கு மாதம். என்ன நடந்தது என்று அப்பா கேட்கவில்லை. 'சாப்பிட்டியா' என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் நாலு அறை கொடுத்திருக்கலாம். சான்றிதழைத் திரும்ப வாங்கியபோது ஃபைலில் கோப்பதற்காகப் பல்கலைக்கழக முத்திரைமேலேயே இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள்.

எங்கள் அறையில் முன்பு தங்கி, வேறு கம்பெனிக்குப் போயிருந்த திருநெல்வேலி அண்ணனுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: 'அவன் சொன்னான் சொன்னாங்கியே, எழுதி வாங்குனியால?' நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் பிறகு வழி சொன்னார். மேலதிகாரி வாயால் ஒன்றைச் சொன்னால் சண்டை போடவேண்டாம். 'நீங்கள் ஃபோனில் சொன்னபடி இந்தப் பேட்ச் மாதிரியை மறுபடி தயாரிக்கிறேன், முதல் முடிவு 0.31, சரிதானா என்று உறுதிசெய்யவும்' என்று அவருக்கே ஒரு மின்னஞ்சல் போதும். பத்தில் ஒன்பது முறை அந்த மின்னஞ்சலைப் பார்த்ததும் உத்தரவு மாறிவிடும். இப்போது பல வருடமாகச் செய்து பார்க்கிறேன், உண்மைதான். பாஸ்வேர்டு விஷயமும் அப்படித்தான். எங்கள் லேபில் மென்பொருள் லைசன்ஸ் குறைவு என்று ஒருவர் ஐ.டி.யில் மூன்றுபேர் வேலை செய்வோம். என் பெயரில் இருந்த அந்த மூன்று வாஷில் ஒன்று நான் போட்டதே இல்லை. அதை நிரூபிக்க எனக்கு வழி இருக்கவில்லை.

பி.எஃப். பணத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு என்றே ஒரு வம்பு இருக்கிறது, இனிஷியல். என் ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து. கம்பெனி பி.எஃப். கணக்கில் அப்பா பெயரை முழுதாகக் குடும்பப்பெயர் மாதிரி ஏற்றியிருந்தது. இரண்டும் பொருந்தவில்லை. திருத்தக் கம்பெனியும் கையெழுத்திட்ட கூட்டுப் படிவம் வேண்டும் என்றார்கள்; வெளியே தள்ளியவர்களிடம் போய் எப்படிக் கையெழுத்துக் கேட்பது? நான் வேலையைவிட்ட தேதியையும் அவர்கள் ஏற்றவில்லை. 2020இல் தொழிலாளியே அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ளும் வசதி வந்தது. கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்திருக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் என் காசு அசைந்தது. வேலையில் சேர்ந்த முதல் மாதமே யு.ஏ.என். எனும் உங்கள் பி.எஃப். எண்ணை வாங்கி, பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அங்கே வேலையில் இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை அது.

ஏழு மாதத்தில் பதினொரு இன்டர்வியூ போனேன். முதல் ஆறில் 'குடும்பச் சூழ்நிலை' என்று பொய் சொன்னேன். ரிலீவிங் லெட்டர் இல்லாததால் ஒவ்வொன்றும் சரிபார்ப்பில் நின்றது. ஏழாவதிலிருந்து நடந்ததை நடந்தபடி சொல்ல ஆரம்பித்தேன். மூன்று இடத்தில் அப்போதே எழுப்பி அனுப்பினார்கள். ஓர் இடத்தில் பேச்சு அதோடு முடிந்துபோனது. புதுச்சேரியில் ஒரு சின்ன கம்பெனியில் வயதான க்யூ.ஏ. (தர உறுதிப் பிரிவு) மேலாளர் மட்டும், 'முதல் கரைசல வச்சிருந்தீங்களா?' என்று கேட்டார். இல்லை என்றேன். 'அதுதான் தப்பு, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்' என்றார். 2019 மே மாதம் 17,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நாலு இடத்தில் கிடைக்கவில்லையே. ஆனால் பொய் சொன்ன ஆறிலும் கிடைக்கவில்லை, உண்மை சொல்லிச் சேர்ந்த இடத்தில் யார் எப்போது கண்டுபிடிப்பார்களோ என்ற பயம் இல்லாமல் இருந்தது.

இப்போது ஆலத்தூர்ப் பக்கம் ஒரு லேபில், புதிய மருந்துக்குச் சோதனை முறை உருவாக்கும் பிரிவில் இருக்கிறேன். போன வருடம் ஒரு ராத்திரி, வேறொரு மாத்திரையில், ஒன்றும் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு மேடு வந்தது. 0.28. வயிறு கலங்கியது, பொய் சொல்லவில்லை. எதையும் கொட்டவில்லை. மேலாளருக்கு மின்னஞ்சல் போட்டேன், குப்பிகளை எண் எழுதிக் குளிர்பெட்டியில் வைத்தேன், வீட்டுக்குப் போனேன். மறுநாள் மூன்றுபேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வடிகட்டாத கரைசலில் அந்த மேடு இல்லை. வெற்றுக் கரைசலையே அதே வடிகட்டி வழியாக விட்டுப் பார்த்தோம், மேடு வந்தது. ஊசிக்குழல் முனையில் மாட்டும் நைலான் வடிகட்டியிலிருந்து கரைந்து வந்தது அது, மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் ஐந்து மில்லியை வடித்துக் கொட்டிவிட்டு அப்புறம் பிடிக்கவேண்டும் என்று எஸ்.ஓ.பி.யில் ஒரு வரி சேர்த்தோம். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

ஹைதராபாத்தில் அந்த மார்ச் மாதம் நாங்கள் பயன்படுத்தியதும் நைலான் வடிகட்டிதான். 17ஆவது நிமிடத்தில் வந்தது அதுதானா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்தக் குப்பியைக் கழுவியது நான்.